ஓவர்டைம் இல்லாத மாதத்தில் வீட்டுத் தவணையை யார் கட்டுவது?

பண்டார் பாரு வட்டாரத் தோட்டக் குடும்பங்களில் சொந்த வீட்டுப் பேச்சு பெரும்பாலும் ஒரு கடிதத்தோடுதான் தொடங்குகிறது. பணி ஓய்வு நெருங்குகிறது, இன்ன தேதிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் அனுப்பும் கடிதம் அது. பால்மரக் காலத்திலிருந்து செம்பனைக் காலம் வரை அதே வீட்டில் இருந்த அப்பாவுக்கு, கொல்லையில் வைத்த முருங்கையும் வாழையும்கூடத் தனக்குச் சொந்தமில்லை என்பது அன்றுதான் உறைக்கிறது. வீட்டில் எல்லாருடைய பார்வையும் மகன் பக்கம் திரும்புகிறது. மகனுக்குக் கூலிம் தொழிற்சாலையில் வேலை. கையில் சம்பளச் சீட்டு இருக்கிறது. "பேங்க் லோன் கிடைக்குமா?" என்பது முதல் கேள்வி.

கிடைக்கலாம். வங்கி கொடுக்க முன்வரும் தொகையும் அந்தக் குடும்பம் தாங்கக்கூடிய தொகையும் ஒன்றல்ல என்பதுதான் பிரச்சினை. பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்த குடும்பத்தைவிட, தோட்டத்திலிருந்து வெளியேறும் குடும்பத்துக்கு இந்த இடைவெளி பெரியது.

காரணம் தோட்டச் சம்பளத்திலேயே இருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆனால் தோட்டத்தில் வாழும் குடும்பம் அந்த 1,700 வெள்ளியில் மட்டும் வாழ்வதில்லை. வீட்டுக்கு வாடகை இல்லை. பல தோட்டங்களில் தண்ணீருக்குக் கட்டணம் இல்லை, மின்சாரத்துக்கும் சலுகை உண்டு. வேலைக்கு நடந்தோ மோட்டார் சைக்கிளிலோ போய்விடலாம். கீரையும் தேங்காயும் கொல்லையில். மாடு வளர்த்தவர்களுக்குப் பாலும் உண்டு. இவை எதுவும் சம்பளச் சீட்டில் எழுதப்படாத வருமானம். தாமானுக்கு மாறிய முதல் மாதமே இவை எல்லாம் செலவுப் பக்கத்துக்கு வந்துவிடும். வங்கி அதிகாரியின் கணக்கில் இந்த மாற்றத்துக்கு இடமில்லை. குடும்பத்தின் கணக்கில் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

வேலையோடு வீடும் போய்விடும் என்ற இந்த நிலைமை இன்று நேற்று வந்ததல்ல. துன் ரசாக் பிரதமராக இருந்த 1973ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளர்களுக்கான சொந்த வீட்டுத் திட்டம் பேசப்பட்டது. கட்டிக் கொடுத்த நிர்வாகங்கள் குறைவு. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்ச வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், தோட்ட வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தமாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. நஜிப் ஆட்சிக் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று பேங்க் சிம்பானான் நேஷனல் வழியாக ஒரு சிறப்புக் கடன் அறிவிக்கப்பட்டது. 4 விழுக்காடு வட்டி, அடுத்த தலைமுறை வரை நீளும் 40 ஆண்டுத் தவணை, 60,000 வெள்ளி வரை கடன். யோசனை நல்லதுதான். இன்று 60,000 வெள்ளிக்கு வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். சிலாங்கூர் புக்கிட் தாகார் பகுதியின் முன்னாள் தோட்ட மக்கள் தங்களுக்குச் சொல்லப்பட்ட வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்த கதையும் நாடறிந்தது. ஆகவே, திட்டம் வரும் என்று காத்திருக்காமல் பிள்ளைகள் வங்கிக் கடனை நம்பி இறங்குவதில் தவறு காண முடியாது. எந்தக் கணக்கோடு இறங்குகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கற்பனைக்கு ஒரு மகனை எடுத்துக்கொள்வோம். வயது 28. அடிப்படைச் சம்பளமும் அலவன்ஸும் சேர்ந்து 2,300 வெள்ளி. ஓவர்டைம் நன்றாக ஓடும் மாதத்தில் இன்னும் 900 வெள்ளி. ஆக 3,200. இபிஎஃப், சொக்சோ பிடித்தம் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 2,925 வெள்ளி. காருக்கு 560, பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு 120.

அவர் 250,000 வெள்ளியில் ஒரு புதிய தரை வீட்டைப் பார்க்கிறார். 90 விழுக்காடு கடன் என்றால் 225,000 வெள்ளி. 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 996 வெள்ளி. பேங்க் நெகாரா 2013இல் வகுத்த விதிப்படி வீட்டுக் கடனுக்கு 35 ஆண்டுகள்தான் உச்ச வரம்பு. மூன்று தவணைகளையும் கூட்டினால் 1,676 வெள்ளி, கைக்கு வரும் சம்பளத்தில் 57 விழுக்காடு. சில வங்கிகள் இதைத் தாராளமாகவே ஏற்கும். விற்பனை முகவர் கைகுலுக்குவார்.

இப்போது ஓவர்டைமை எடுத்துவிட்டுப் பார்க்கலாம். கைக்கு வருவது ஏறத்தாழ 2,031 வெள்ளி. தவணைகள் அதே 1,676. மீதம் 355 வெள்ளி. பெட்ரோல், மின்சாரம், தண்ணீர், அரிசி, அம்மாவின் மருந்து, தங்கையின் பள்ளிச் செலவு எல்லாம் அந்த 355 வெள்ளிக்குள் அடங்க வேண்டும். அப்பாவின் சம்பளமும் அதே சமயத்தில் நின்றிருக்கும்.

இது மிகைப்படுத்தப்பட்ட பயம் அல்ல. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் பெரிய முதலீடுகள் வந்தது உண்மை. ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ், ஜெர்மனியின் இன்ஃபினியோன் இரண்டும் 2024இல் அங்கே புதிய ஆலைகளைத் திறந்தன. ஆனால் சிப் தொழில் ஏறி இறங்கும் தொழில். 2023இல் உலக அளவில் சிப் விற்பனை முந்தைய ஆண்டைவிடச் சரிந்தது. ஆர்டர் குறைந்தால் ஆலை முதலில் கை வைப்பது ஆளில் அல்ல, ஓவர்டைமில்தான். வேலை போகவில்லையே என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். வீட்டுத் தவணை கட்டுபவருக்குத்தான் தெரியும்.

எனவே பாதுகாப்பான வழி, ஓவர்டைம் இல்லாத நிகரச் சம்பளத்தை அடிப்படையாக வைத்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் வீட்டுத் தவணையை நிறுத்துவது. மேலே சொன்ன மகனுக்கு அது 677 வெள்ளி. அந்தத் தவணைக்கு 35 ஆண்டுகளில் கிடைக்கக்கூடிய கடன் சுமார் 153,000 வெள்ளி. முன்பணத்தைச் சேர்த்தால் 170,000 வெள்ளி வீடு. இந்த விலைக்குப் பளபளப்பான புதுத் தாமான் கிடைக்காது. பழைய ஒற்றை மாடி வரிசை வீடுகளிலும் மலிவு விலை வீடுகளிலும்தான் தேட வேண்டியிருக்கும். மனம் ஒப்புவது சிரமம்தான், அதுவும் உடன் வேலை செய்பவர் இரட்டை மாடி வாங்கியிருக்கும்போது. ஓவர்டைம் வரும் மாதங்களில் மிஞ்சும் பணத்தைக் கடனின் அசலுக்கே கூடுதலாகக் கட்டலாம். அப்படிக் கட்ட அனுமதி உண்டா, பிறகு தேவைப்பட்டால் எடுக்க முடியுமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே வங்கியிடம் கேட்டு வைப்பது நல்லது.

வட்டி அப்படியே நிற்கும் என்ற நினைப்பும் ஆபத்து. நம் வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை பேங்க் நெகாராவின் ஓபிஆர் விகிதத்தோடு ஏறி இறங்குபவை. 2020 ஜூலையில் ஓபிஆர் 1.75 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2022 மே தொடங்கி ஐந்து முறை ஏறி, 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டைத் தொட்டது. 2025 ஜூலையில் 2.75 ஆகக் குறைந்தது. இடையில் ஏறிய 1.25 விழுக்காடு சிறிதாகத் தெரியலாம். 225,000 வெள்ளிக் கடனை 3 விழுக்காட்டில் எடுத்தால் மாதம் 866 வெள்ளி, அதுவே 4.25 விழுக்காடானால் 1,030 வெள்ளி. மாதம் 164 வெள்ளி கூடுதல். இன்றைய வட்டிக்குச் சரியாகப் பொருந்தும் பட்ஜெட், அடுத்த ஏற்றத்தில் பொருந்தாது.

முன்பணம் எங்கிருந்து?

மாதத் தவணையைவிட அதிகக் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இது. 170,000 வெள்ளி பழைய வீட்டுக்கு 10 விழுக்காடு முன்பணம் 17,000. வாங்கல் விற்பனை ஒப்பந்தத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் வழக்கறிஞர் கட்டணம், 2023ஆம் ஆண்டு விகிதப்படி முதல் ஐந்து லட்சத்துக்கு 1.25 விழுக்காடு. இரண்டுக்கும் சேவை வரியோடு சேர்த்து ஏறத்தாழ 4,360 வெள்ளி. மதிப்பீட்டாளர் கட்டணமும் இதர செலவும் சில நூறு. ஆக 22,000 வெள்ளி கையில் வேண்டும். கூரை, ஒயரிங், கிரில் இன்னும் கணக்கில் வரவில்லை.

முத்திரை வரியில் ஒரு நல்ல செய்தி உண்டு. 500,000 வெள்ளி வரையிலான முதல் வீட்டுக்கு, பெயர் மாற்றத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் முழு விலக்கு. 2027 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நம் 170,000 வெள்ளி வீட்டுக்கு இது 3,165 வெள்ளி மிச்சம். ஆனால் 'முதல் வீடு' என்பதற்கு விதி கடுமையானது. பரம்பரையாக வந்த வீட்டில் ஒரு பங்கு இருந்தாலும், யாரோ அன்பளிப்பாக எழுதிக் கொடுத்த வீடு பெயரில் இருந்தாலும் விலக்கு கிடைக்காது. தாத்தாவின் மலிவு விலை வீட்டில் பேரன் பெயரையும் பாசத்தோடு சேர்த்துவிட்ட குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய வீடு வாங்குவோர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கி கடன் கொடுப்பது விற்பவர் சொல்லும் விலைக்கு அல்ல. விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்கு. 170,000 என்று பேசிய வீட்டை மதிப்பீட்டாளர் 155,000 என்று சொல்லிவிட்டால், 90 விழுக்காடு கடன் 139,500 வெள்ளிதான். முன்பணம் ஒரே நாளில் 17,000இலிருந்து 30,500 ஆகிவிடும். பதிவுப் பணம் கொடுக்கும் முன்பே இரண்டு மூன்று வங்கிகளில் உத்தேச மதிப்பைக் கேட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

"இபிஎஃப்பில் எடுத்துக்கொள்ளலாம்" என்பது வழக்கமான பதில். எடுக்கலாம். ஆனால் 2024 மே 11 முதல் கணக்கு மாறிவிட்டது. முன்பு சந்தாவில் 30 விழுக்காடு இரண்டாம் கணக்கில் சேர்ந்தது. இப்போது வீட்டுக்கு எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்கில் சேர்வது 15 விழுக்காடு. நம் மகனுக்கு மாதம் 552 வெள்ளி சந்தா; அதில் வீட்டுக்கான பங்கு சுமார் 83 வெள்ளி. ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் சந்தா கிடையாது என்பதால், எத்தனை இரவு வேலை செய்தாலும் இந்த 83 கூடாது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற ஃபிளெக்சிபல் கணக்கின் 10 விழுக்காட்டைப் பலர் கைப்பேசிக்கும் டயருக்கும் எடுத்துவிடுகிறார்கள். முன்பணம் சேர்க்க நினைப்பவர் அதைத் தொடாமல் விட்டு வைப்பது நல்லது.

பணம் வரும் நேரமும் முக்கியம். ஒப்பந்தமும் வங்கியின் கடன் கடிதமும் கையில் இருந்தால்தான் இபிஎஃப் விண்ணப்பத்தை ஏற்கும். பதிவுப் பணத்தையும் முன்பணத்தையும் முதலில் சொந்தக் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகுதான் அந்தப் பணத்தைப் பார்க்க முடியும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பலர் வட்டிக்காரரிடம் போகிறார்கள். வீடு வாங்கும் முன்பே கடன் தொடங்கிவிடுகிறது.

இந்த நெருக்கடியில்தான் "முன்பணமே வேண்டாம், கேஷ்பேக் உண்டு" என்ற விளம்பரங்கள் கண்ணில் படும். பல நேரங்களில் விலையைக் கூட்டி எழுதி, கூடுதல் கடன் வாங்கி, அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதுதான் அந்தத் தந்திரம். திருப்பிக் கிடைப்பது வாங்குபவரின் சொந்தக் கடன் பணமே. அதற்கு 35 ஆண்டுகள் வட்டி கட்டப்போவதும் அவரே. பொய்யான விலையை வங்கியிடம் காட்டி எழுதிய ஒப்பந்தத்தில் இருப்பதும் அவர் கையெழுத்துதான்.

அப்பாவின் இபிஎஃப் பணம் இன்னொரு வழி. 55 வயதில் முழுவதையும் எடுக்கலாம் என்பதால் மகனின் முன்பணமாக அது பல வீடுகளில் கரைகிறது. கொடுக்க வேண்டாம் என்று எந்த அப்பாவிடமும் சொல்லிவிட முடியாது. ஆனால் கொடுத்த பிறகு அவர் கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கும் என்பதையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பணம் அப்பாவுடையது, கிராண்ட் மகன் பெயரில் என்றால், கூடப் பிறந்தவர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுவது குடும்பத்துக்கு நல்லது. அப்பா பெயரையும் கடனில் சேர்க்கலாமே என்ற யோசனைக்கும் விலை உண்டு. பொதுவாகக் கடன் 70 வயதுக்குள் முடிய வேண்டும். 57 வயதுக்காரரின் வயதை அடிப்படையாக வைக்கும் வங்கி 13 ஆண்டுகள்தான் தரும், தவணை ஏறிவிடும்.

சம்பளச் சீட்டே இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். லோரி ஓட்டுபவர், செம்பனைக் குலை வெட்டும் குத்தகைக்காரர், சந்தையில் கடை போடுபவர். இவர்களுக்காகவே 2008 முதல் எஸ்ஜேகேபி என்ற அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. அதற்கும் வருமானம் வந்துபோனதற்கான வங்கிக் கணக்குப் பதிவு வேண்டும். சம்பளத்தைக் கையில் வாங்கிக் கையிலேயே செலவழிப்பவர்கள் இன்றிலிருந்து கணக்கில் போட்டு எடுக்கத் தொடங்கினால் அடுத்த ஆண்டு உதவும். பிடிபிடிஎன் நிலுவை உட்படப் பழைய கடன்கள் எப்படித் தெரிகின்றன என்பதை பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். வங்கி பார்க்கும் முன் நாம் பார்த்துவிடுவது மேல்.

மூன்று மாநிலங்களின் முனையில்

பண்டார் பாருவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கிரியான் ஆற்றைக் கடந்தால் பேராவின் பாரிட் புந்தார். சற்றுத் தள்ளிப் பினாங்கின் நிபோங் திபால். வடக்கே கூலிம். ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் மூன்று மாநிலங்களில் வேலை செய்வது இங்கே சாதாரணம். வீடு தேடும்போது இது வசதியும் குழப்பமும் ஆகும். மாநில அரசாங்கங்களின் வீட்டுத் திட்டங்கள் தங்கள் மாநில மக்களுக்கே முன்னுரிமை தருபவை. கெடா வாக்காளர் ஆற்றின் அக்கரைத் திட்டத்தை நம்பிக் காத்திருப்பதற்கு முன் தகுதியைக் கேட்டுவிட வேண்டும். வீட்டு விலை 20,000 வெள்ளி குறைவு என்று வேலையிடத்திலிருந்து தூரமாகப் போனால், 35 ஆண்டுக் கடனில் அது மாதம் 80 வெள்ளி வித்தியாசம்தான். அதைவிட அதிகமாகப் பெட்ரோலுக்குப் போகுமென்றால் மலிவு வீடு மலிவல்ல.

கெடாவில் நிலத்தின் கிராண்டைப் பார்க்காமல் ஒரு வெள்ளியும் கொடுக்கக் கூடாது. மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் நம் பெயருக்கு மாற்ற முடியாது. அதன் மேல் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பூமிபுத்ரா லாட் என்றால் மாநில அனுமதி வேண்டும். பல மலிவு விலை வீடுகளில் மாநில ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது என்ற கட்டுப்பாடு கிராண்டிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். செர்டாங்கில் உள்ள மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி இதைத் தேடிப் பார்க்கலாம், வழக்கறிஞர் வழியாகவும் செய்யலாம்.

புதிய வீடு வாங்குவோருக்குக் காலம்தான் பெரிய செலவு. தரை வீட்டை ஒப்பந்தத் தேதியிலிருந்து 24 மாதங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குள் கட்டுமானம் வளர வளர வங்கி மேம்பாட்டாளருக்குப் பணம் விடுவிக்கும். விடுவித்த தொகைக்கு வாங்கியவர் வட்டி கட்டிக்கொண்டே வர வேண்டும். அப்பாவின் ஓய்வு ஒரு வருடத்தில் என்றால், மீதி ஒரு வருடம் வாடகையும் வட்டியும் சேர்ந்தே வரும். வீடு தாமதமானால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு இழப்பீடு கேட்கலாம். 250,000 வெள்ளி வீட்டுக்கு நாளுக்கு 68 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலேயே வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம். ஆனால் இழப்பீடு பிறகுதான் வரும், வாடகை அந்த மாதமே கட்ட வேண்டும். மேம்பாட்டாளரின் உரிமமும் விளம்பர அனுமதியும் உண்மையா என்பதை வீடமைப்பு அமைச்சின் தெடு தளத்தில் பார்க்கலாம்.

கடன் காப்புறுதியை வங்கி அதிகாரி முன்வைக்கும்போது "இது வேறு செலவா" என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். மற்றச் செலவுகளில் சிக்கனம் பார்க்கலாம், இதில் வேண்டாம். ஒரே பிள்ளையின் சம்பளத்தில் நிற்கும் வீடு இது. அந்தப் பிள்ளை கூலிம் சாலையில் மோட்டார் சைக்கிளில் இரவு ஷிப்ட் முடிந்து வருபவர். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், எம்ஆர்டிஏ வகைக் காப்புறுதி கடன் மீதத்தைக் கட்டும். கட்டணத்தைக் கடனோடு சேர்த்தும் கட்டலாம், அப்போது அதற்கும் வட்டி உண்டு.

தவணை தவறத் தொடங்கிவிட்டால் ஏலக் கடிதம் வரும்வரை ஒளிந்திருக்க வேண்டியதில்லை. ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் 2006 முதல் கட்டணம் இல்லாமல் வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைத்துத் தருகிறது. அலோர் ஸ்டாரிலும் பினாங்கிலும் கிளைகள் உண்டு. கடன் வாங்கும் முன்பே கணக்கைக் காட்டி ஆலோசனை கேட்பவர்களையும் அங்கே திருப்பி அனுப்புவதில்லை. சம்பளச் சீட்டையும், காருக்கும் கல்விக் கடனுக்கும் கட்டும் ரசீதுகளையும், ஓவர்டைம் குறைந்த மூன்று மாதங்களின் வங்கிக் கணக்குப் பதிவையும் எடுத்துப் போனால் போதும்.